நின்று நின்று கும்பிட்டவள்

கஸ்தூரிக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும் என்று திருவண்ணாமலை வேங்கிக்காலில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. தெருவுக்குக் கேட்பது அவளுடைய சில்லறைக் கோபம். குப்பை வண்டிக்காரர் மணியடிக்காமல் போய்விட்டால் வரும், எதிர்வீட்டு நாய் துளசிச் செடியில் காலைத் தூக்கினால் வரும், வந்த வேகத்தில் போய்விடும். பெரிய கோபம் வந்தால் அவள் வாயே திறக்கமாட்டாள். உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பாள். மூன்று வருஷமாக அவள் வீட்டுப் பாத்திரமெல்லாம் கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கிவந்தது போலப் பளபளத்தது என்றால், உள்ளே எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் மூட்டை தூக்க ஆள் குறைந்தால் அப்பா இவளைத்தான் கூப்பிடுவார். வாக்கப்பட்டது அப்பாதுரைக்கு. மண்டியில் மல்லாட்டை தரகு பார்க்கிற மனுஷன், கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெற்றது ஒரே மகள் எழிலரசி, ஓசூரில் குடும்பமாக இருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கஸ்தூரி செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்து விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று மாடி. விரிப்பு மாற்றுவது, அறை துடைப்பது, தண்ணீர் வாளியோடு மேலும் கீழும் ஏறி இறங்குவது.

அந்தப் படியில்தான் முதலில் வந்தது அது. இரண்டாவது மாடி திரும்பும்போது நடு நெஞ்சில் ஒரு மல்லாட்டை மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு பாரம். அங்கிருந்து தாடை வரை ஏறி ஒரு இழுப்பு. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விட்டது. மறுநாளும் அதே இடத்தில் வந்தது, நின்றதும் போனது.

அந்தத் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு, அதில் மலை தெரியும். வலி வரும்போதெல்லாம் அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அந்த ஜன்னலைப் பார்த்தபடி நிற்பாள். விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஆகா என்ன ஒரு தியானம் என்று உருகிப்போய்ப் படம் எடுத்தாள். விடுதிக்காரருக்கும் அது பிடித்துப்போய், பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பில் மாட்டிவிட்டார். வருகிற போகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்கள். படத்தில் இருக்கிறவளுக்கு மூச்சே வரவில்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் சொல்லாமல் இல்லை. முதல் வாரமே சொன்னாள்.

"இன்னாங்க, படி ஏறுனா மாரு அடைக்குதுங்க."

அப்பாதுரை செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், "கேஸா இருக்கும். காலைல ஒண்ணும் துன்றதில்ல, டீயா குடிச்சிக்கினு கிடந்தா?"

சாயங்காலம் மருந்துக்கடையிலிருந்து ஒரு அட்டை கேஸ் மாத்திரை வந்தது. மகள் போனில், சுடுதண்ணீரில் ஓமம் போட்டுக் குடிம்மா என்றாள். பக்கத்துத் தெருவில் இருந்த சரசு அண்ணி, அதாவது அப்பாதுரையின் அக்கா, பெருங்காயத்தை மோரில் கரைத்துக் கொண்டுவந்தாள். எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் செய்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இதே அப்பாதுரைக்கு அதற்கு முந்தின வருஷம் நெஞ்சு வலித்த கதையைச் சொல்லியாக வேண்டும். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துவிட்டு, பந்தி முடிந்த கையோடு இன்னொரு பந்தியிலும் உட்கார்ந்துவிட்டு வந்தவர், மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சரசு அண்ணி போட்ட கூச்சலில் வாடகைக் கார் தானாகவே வந்து நின்றது போல இருந்தது. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்கோ, டிரெட்மில், ஒன்றையும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். கஸ்தூரி வெளியே ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து, ஒன்றுமில்லை, வெறும் கேஸ் என்றார். அதற்குப் பிறகும் மண்டியில் அப்பாதுரை, ஆண்டவன் புண்ணியத்தில் ஹார்ட்டில் கண்டம் தப்பித்தவர் என்றே பேர் வாங்கிவிட்டார். அவருக்கென்று எண்ணெய் இல்லாத குழம்பு தனியாகக் கொதித்தது.

அந்த மனுஷனுக்கு வந்த கேஸுக்கு ஊரே ஹார்ட் என்று பேர் வைத்தது. அவளுக்கு வந்த ஹார்ட்டுக்குக் கேஸ் என்று பேர் வைத்தது. பாத்திரம் ஏன் பளபளத்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

வலி ஜாஸ்தியானது கிரிவலத்தில். பௌர்ணமி தவறாமல் சரசு அண்ணியோடும் தெருப் பெண்களோடும் மலையைச் சுற்றி வருவது கஸ்தூரிக்குப் பல வருஷப் பழக்கம். பதினாலு கிலோமீட்டரும் வெறுங்காலில் விறுவிறுவென்று நடப்பாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அப்படிப்பட்டவள் நடுவழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? உட்காரவில்லை. நின்றாள். சும்மா நின்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

முன்னெல்லாம் நடந்துகொண்டே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவள், இப்போது வழியிலுள்ள ஒவ்வொரு லிங்கத்துக்கும் நின்றாள். கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, வலி இறங்குகிற வரை நின்றாள். பிறகு லிங்கத்துக்கும் லிங்கத்துக்கும் நடுவிலும் நிற்க வேண்டி வந்தது. அதற்கும் சாக்குக்குக் குறைச்சல் இல்லை. கிரிவலத்தில் மலை எப்போதும் வலது பக்கம்தானே இருக்கிறது, திரும்பிக் கையைக் கூப்பினால் ஆயிற்று. அது கும்பிடு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அண்ணாமலையாருக்கும் தெரிந்திருக்கும். பின்னால் நடந்துவந்த சரசு அண்ணிக்குத்தான் தெரியவில்லை.

"எங்க கஸ்தூரிக்கு வர வர பக்தி முத்திப்போச்சு," என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். "கண்ண மூடுனா இந்த லோகத்துலயே இல்ல."

இந்த லோகத்தில் இல்லாமல் போகத்தான் பார்த்தாள், அது உண்மை.

இடையில் தெருமுனைக் கிளினிக்கில் மூன்று தடவை ஈசிஜி எடுத்தாயிற்று. மூன்றும் நார்மல். ஒவ்வொரு முறையும் அப்பாதுரை அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி வெளியே வருவார். "பாத்தியா? நான் அப்பவே சொல்லல? மாசாமாசம் மலை சுத்துறவளுக்கு ஹார்ட்ல நோவு வருமா? அவளுக்கே வந்தா ஊருல எவனுக்குத்தான் வராது?"

ஒருநாள் காலை. விடுதியில் இரண்டாவது மாடித் திருப்பம். வாளியைக் கீழே வைப்பதற்குள் கை விட்டுவிட்டது. வாளி உருண்டு படிப்படியாகச் சத்தம் போட்டுக்கொண்டு போய்க் கீழே வரவேற்பில் விழுந்தது. கஸ்தூரிக்கு வேர்த்துக் கொட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வலி இறங்கியதும் மெதுவாகக் கீழே வந்தாள். நனைந்த தரையில் நின்று விடுதிக்காரர் அவளைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சட்டத்துக்குள் அவளே நெஞ்சில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் மூன்று வருஷத்துக் கோபமும் ஒன்றாக மண்டைக்கு ஏறியது.

"அந்தப் படத்தக் கழட்டுங்க சார். நான் சாமி கும்பிடல. நெஞ்சு வலில நிக்கறேன்," என்றாள். ஈரப் புடவையோடு வெளியே வந்து ஆட்டோ ஏறினாள். வீட்டுக்குப் போகவில்லை. டவுன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வாரம் ஒரு நாள் வெளியூரிலிருந்து ஒரு இருதய டாக்டர் வந்து பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். நல்லவேளையாக அன்று அந்த நாள்.

டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மாள். பெயர் சிவப்பிரியா. அவரும் முதலில் ஈசிஜிதான் எடுத்தார். அதுவும் நார்மல்தான். பேனாவை எடுத்தார். கேஸ் மாத்திரைக்குத்தான் பேனாவை எடுக்கிறார் என்று கஸ்தூரி முடிவு கட்டிவிட்டாள்.

"எழுதாதம்மா," என்றாள். "எல்லாரும் என்னைப் படுக்கவெச்சி எடுத்துட்டு நல்லா இருக்குன்றீங்க. படுத்திருந்தா எனக்கு எங்க வலிக்குது? நடந்தாதான் வலிக்குது. நின்னா போயிடுது. ஒருத்தராச்சும் என்னை நடக்கவெச்சிப் பாக்கக் கூடாதா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எங்கே வலிக்கிறது, எது வரை ஏறுகிறது, எவ்வளவு நடந்தால் வருகிறது, முன்னைவிடச் சீக்கிரம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்வி கேட்கக் கேட்கக் கஸ்தூரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியைப் பற்றி ஒரு ஆள் கேள்வி கேட்பது அதுதான் முதல் தடவை.

"நடக்கவெச்சித்தான் பாக்கப்போறோம்," என்றார் டாக்டர். நியூக்ளியர் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. சும்மா இருக்கும்போது ஒரு மருந்தை ரத்தத்தில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். அப்புறம் நடக்கவைத்து, நெஞ்சு வேகமாக அடிக்கும்போது மறுபடி ஏற்றிப் படம் எடுப்பார்கள். ரத்தம் போகிற இடத்துக்கெல்லாம் அந்த மருந்தும் போகும், கேமராவில் பளிச்சென்று தெரியும். போகாத இடம் மங்கிக் கிடக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். சென்னையில் எடுக்க வேண்டும், தள்ளிப்போடாமல் இந்த வாரமே போங்கள் என்றார். அதுவரை படி ஏறாதீர்கள், வலி வந்தால் இதை நாக்குக்கு அடியில் வையுங்கள் என்று ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

அப்பாதுரை நியூக்ளியர் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "அணுகுண்டு சமாச்சாரமாச்சே அது. ஒரு கேஸுக்கு அணுவெல்லாம் எதுக்குடி?"

கஸ்தூரி பாத்திரம் தேய்க்கப் போகவில்லை. "நீங்க வந்தா வாங்க. வராட்டி நான் பஸ் ஏறிப் போறேன்," என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

முந்தின நாளிலிருந்தே டீ, காபி கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டீ இல்லாத கஸ்தூரியோடு சென்னை வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த வகையில் அப்பாதுரைக்குக் கொஞ்சம் புண்ணியம் சேர்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் முதலில் ஊசி போட்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கவைத்து, நெஞ்சைச் சுற்றிக் கேமராவை மெல்ல நகர்த்திப் படம் எடுத்தார்கள். பிறகு நடக்கும் மெஷின் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார் விமல்ராஜ் என்ற பையன். பக்கத்தில் ஒரு டாக்டர் திரையைப் பார்த்தபடி நின்றார். அப்பாதுரை கதவில் தலையை நீட்டி, "சார், கிரிவலம் போறவங்க. பதினாலு கிலோமீட்டர். வெறுங்கால். பாத்துக்குங்க," என்றார், தன் வீட்டுச் சாமானைப் பற்றிச் சான்று கொடுப்பது போல.

மெஷின் ஓட ஆரம்பித்தது. கஸ்தூரி நடந்தாள். முதலில் சமதரை மாதிரி இருந்தது, பிறகு மேடேறியது, பிறகு வேகம் கூடியது. விடுதிப் படியின் இரண்டாவது திருப்பம் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. மூட்டை இறங்கியது. தாடை இழுத்தது.

அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா? கம்பியை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினாள். கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தாள். மூன்று வருஷப் பழக்கம் அவளை அறியாமல் கைக்கு வந்துவிட்டது. கால் தடுமாறியது. விமல்ராஜ் பாய்ந்து முழங்கையைப் பிடித்தான்.

"அம்மா, கம்பியப் புடிங்க. சாமி அப்பறம் கும்பிட்டுக்கலாம். வலி இருக்கா? இருந்தா வாயத் தொறந்து சொல்லுங்க."

வாயைத் திறந்து சொல்வதா? எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று. சொல்லிச் சொல்லி அலுத்துத்தானே கை கூப்ப ஆரம்பித்தாள். அவளுக்குள் எரிந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே தெரிந்த அப்பாதுரையின் தலையைப் பார்த்தே சொன்னாள்.

"வலிக்குது. நல்லா வலிக்குது. மூணு வருசமா வலிக்குது."

திரையில் ஈசிஜி கோடு இறங்கியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். விமல்ராஜ் ஊசியை ஏற்றினான். "ஏத்தியாச்சு. மருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேரணும், இன்னும் கொஞ்சம் நடங்கம்மா, நான் புடிச்சிக்கினு இருக்கேன்," என்றான். கஸ்தூரி நடந்தாள். எந்தப் பௌர்ணமியிலும் அவ்வளவு வலியோடு அவள் நடந்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு நிற்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மெஷினை நிறுத்திப் படுக்கவைத்து, வலி போகும்வரை டாக்டர் கூடவே இருந்தார். அப்புறம் மறுபடி படம். வெளியே அனுப்பும்போது, நிறையத் தண்ணீர் குடியுங்கள், இன்றைக்கு ஒரு நாள் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கி உட்காராதீர்கள் என்று சொன்னார்கள். அதைக் காதில் வாங்கிய அப்பாதுரை சத்தமில்லாமல் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

கஸ்தூரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கைக்குழந்தையா, இல்ல முழுகாம இருக்கீங்களா?"

அவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மேல் வரிசை, சும்மா இருந்தபோது எடுத்தது. முழு வட்டமும் நல்ல ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. கீழ் வரிசை, நடந்தபோது எடுத்தது. வட்டத்தில் ஒரு பக்கம், யாரோ பிய்த்துத் தின்ற மாதிரி இருண்டு கிடந்தது. "பெரிய குழாய்ல அடைப்பு இருக்கணும். சும்மா இருக்கறப்ப சமாளிச்சிக்குது. வேலை வெச்சா ரத்தம் பத்தல," என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்ப முடியாது, அட்மிட் ஆகிவிடுங்கள், நாளைக்கே ஆஞ்சியோ பார்த்துவிடலாம் என்றார்.

அப்பாதுரை அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "இவ்ளோ நாளா ஏண்டி சொல்லல?"

அந்தக் கேள்விக்கு அவள் அவரை அடித்திருந்தாலும் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடிக்கவில்லை.

"சொன்னேன்," என்றாள். "நீங்க பேப்பர் படிச்சிக்கினு இருந்தீங்க."

மறுநாள் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெருவே பழத்தோடு வந்து பார்த்தது. அடைப்பு இருந்தும் கிரிவலம் சுற்றினாளே, அண்ணாமலையார்தான் காப்பாற்றினார் என்றார்கள். கஸ்தூரி மறுக்கவில்லை. ஆனால், அவரு காப்பாத்தனாரு, சரி, நீங்கள்லாம் இன்னா பண்ணீங்க என்று ஒருவர் விடாமல் கேட்டாள். பழம் வருவது நின்றுபோனது.

டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டச் சொன்னார். மாதங்கள் போய், இப்போது சுற்றலாம் என்று அவரே சொன்ன பிறகு வந்த பௌர்ணமியில், வெயில் தாழ்ந்ததும் கஸ்தூரி மறுபடி கிளம்பினாள். சரசு அண்ணி வந்தாள், பின்னால் அப்பாதுரையும் வந்தார். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அவர் அவளைத் தனியாக எங்கேயும் விடுவதில்லை.

மூட்டை இல்லாத நெஞ்சோடு நடப்பது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். கால் தானாக எட்டிப் போட்டது. அக்னி லிங்கத்தில் நடந்தபடியே ஒரு கும்பிடு. எம லிங்கத்திலும் அப்படியே.

பின்னால் இரைக்க இரைக்க வந்த சரசு அண்ணி தெருப் பெண்களிடம் சொல்வது கேட்டது. "பாத்தீங்களா? உடம்பு சரியானதும் பக்தி கம்மியாப்போச்சு. முன்ன எப்பிடி நின்னு கும்பிடுவா."

கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க நல்ல பதிலாக ஒன்றைத் தேடிக்கொண்டே நடந்தாள். கிடைத்ததும் திரும்பினாள். சரசு அண்ணியைக் காணவில்லை. கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். தூரத்தில், ரோட்டு ஓரத்தில், சரசு அண்ணி கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தாள்.

அங்கே லிங்கம் எதுவும் இல்லை. மலையும் தெரியவில்லை. அவளுக்கு எதிரே இருந்தது ஒரு கல்யாண மண்டபத்துச் சுவர்.

கஸ்தூரி வாயில் வைத்திருந்த பதிலை விழுங்கிவிட்டுத் திரும்பி ஓடாத குறையாக நடந்தாள். கிட்டே போய் அண்ணியின் கூப்பிய கையைப் பிரித்துப் பிடித்தாள். உள்ளங்கை சில்லிட்டு ஈரமாக இருந்தது.

"அண்ணி, எங்க வலிக்குது?"

"வலியா? ஒண்ணுமில்லடி. மத்தியானம் துன்னது ஒத்துக்கல. சும்மா கேஸு," என்றாள் சரசு அண்ணி. "சாமி கும்பிட்டுக்கினு இருந்தேன்."

"நானும் மூணு வருசம் கும்பிட்டேன். உக்காருங்க."

பின்னாலேயே வந்து சேர்ந்த அப்பாதுரை இருவரையும் பார்த்தார். "அக்காவுக்கு இன்னா, இவ்ளோ தூரம் நல்லாத்தான நடந்து..." என்று ஆரம்பித்தார்.

கஸ்தூரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிரிவலக் கூட்டத்துக்காக ஆம்புலன்ஸ் நிறுத்தியிருந்த பக்கம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்.